கல் சுமந்த தும்பி கடல் தாண்டுகிறது

கரமனைப் பிள்ளைகள் பிடித்து விளையாடிய சின்னப் பூச்சி, ஆண்டுதோறும் மழைக்காற்றில் ஏறி ஆப்பிரிக்கா வரை போகிறது. கடல் அதை ஏமாற்றுவதில்லை. ஏமாற்றுவது கார்.

ஐப்பசி பிறக்கிற சமயம். மத்தியானம் கொட்டிய மழை விட்டிருக்கிறது. திருவனந்தபுரம் கரமனையில் ஆற்றுப் படித்துறைக்கு மேலே, தென்னை மட்டைகளின் உயரத்தில், பொன்மஞ்சள் நிறப் பூச்சிகள் நூற்றுக்கணக்கில் வட்டமடிக்கின்றன. எதுவும் எங்கும் உட்காருவதாகத் தெரியவில்லை. இறக்கையை அசைக்காமல் காற்றில் மிதக்கின்றன, சட்டென்று திரும்புகின்றன, மறுபடி மிதக்கின்றன. இருட்டும் வரை இதே வேலை. நாலைந்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் காணோம்.

வீட்டுக்குள் தமிழும் வாசலைத் தாண்டினால் மலையாளமும் பேசி வளரும் கரமனைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தப் பூச்சிக்கு இரண்டு பெயர். வீட்டில் தட்டான், தெருவில் தும்பி. தமிழ் படித்தவர்களுக்கு இங்கே ஒரு தடுமாற்றம் வரும். குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில் இறையனார் கூப்பிட்டுக் கேள்வி கேட்கிறாரே, அந்தத் தும்பி பூந்தேன் தேடும் வண்டு. மலையாளத்துத் தும்பியோ தேனைத் தொடாது. அது வேட்டைக்காரன். ஓ.வி. விஜயனின் 'கசாக்கின் இதிகாசம்' நாவலில் இறந்தவர்களின் நினைவுகளாகப் பறப்பவையும் இந்தத் தும்பிகள்தான். மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பவர்கள் இந்த ஒரு சொல்லைத் தாண்டுவதற்குள் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

மலையாளத்தில் ஒரு சொலவடை உண்டு: தும்பியைக் கொண்டு கல்லெடுப்பிப்பது. சக்திக்கு மீறிய வேலையை ஓர் எளிய உயிரின் தலையில் கட்டுவதற்கு இப்படிச் சொல்வார்கள். இது வெறும் உவமை அல்ல, நிஜமான விளையாட்டு. தும்பியின் இறக்கைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அதன் கால்களை ஒரு கூழாங்கல்லின் அருகே கொண்டுபோனால் அது கல்லைக் கவ்விக்கொள்ளும். கையை உயர்த்தினால் கல்லும் கூடவே வரும். யார் பிடித்த தும்பி பெரிய கல்லை எடுக்கிறது என்பதில்தான் போட்டி. 1980-களின் கடைசியில் எங்கள் தெருவிலும் இது நடந்தது. ஒருநாள் எதிர்வீட்டு மாமி கோலமாவுக் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்தவர், "டேய், பாவம்டா, விட்டுடு. எங்கேயோ போக வேண்டிய ஜீவன்" என்றார்.

எங்கே போக வேண்டிய ஜீவன் என்று மாமிக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அறிவியல் உலகத்துக்கே அது தெரிய 2009 வரை ஆயிற்று.

மாலேயில் ஒரு புதிர்

சார்ல்ஸ் ஆண்டர்சன் என்ற பிரிட்டிஷ் கடல் உயிரியலாளர் 1983-ல் மாலத்தீவுக்குக் குடிபோனார். அவருடைய வேலை மீன்களையும் கடலையும் பற்றியது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதம் தலைநகர் மாலேயில் திடீரென்று ஆயிரக்கணக்கில் தும்பிகள் வந்து இறங்குவதை அவர் கவனித்தார். உள்ளூர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. தும்பி வந்தால் வடகிழக்குப் பருவக்காற்று வரப்போகிறது என்பது அவர்கள் கணக்கு. தட்டான் தாழப் பறந்தால் மழை என்று நாம் சொல்வதைப் போல.

ஆண்டர்சனுக்கு இடித்த விஷயம் வேறு. தும்பி முட்டையிடுவது நன்னீரில். பவளத்திட்டுகளாலான மாலத்தீவில் தரைமேல் நன்னீர் தேங்குவது அபூர்வம். ஆகவே இவ்வளவு தும்பிகள் அங்கே பிறந்திருக்க முடியாது. அருகிலுள்ள பெரிய நிலம் என்றால் இந்தியாவும் இலங்கையும்தான். திருவனந்தபுரத்திலிருந்து மாலேவுக்குக் கடல்மேல் 600 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நடுவில் இளைப்பாற மரக்கிளை கிடையாது.

1996 முதல் அவர் முறையாகக் குறிப்பெடுக்க ஆரம்பித்தார். தும்பிகள் முதலில் தென்னிந்தியாவில் தென்படுகின்றன, பிறகு மாலேயில், பிறகு மாலத்தீவின் தென்கோடித் தீவுகளில். நவம்பரில் செஷல்ஸ் தீவுகளில் காணப்படுகின்றன. டிசம்பரில் இன்னும் தெற்கே, ஆப்பிரிக்காவுக்கு இன்னும் அருகிலுள்ள அல்டாப்ரா தீவில். தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது ஒரு பயணத் தடம் கிடைத்தது. இந்தியாவிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு, சுமார் 3,500 கிலோமீட்டர்.

ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை. அக்டோபரில் மாலத்தீவின் தரைமட்டத்தில் காற்று மேற்கிலிருந்து, அதாவது இந்தியாவை நோக்கி அடிக்கிறது. எதிர்காற்றில் ஒரு பூச்சி எப்படி 600 கிலோமீட்டர் வரும்? விடை மேலே இருந்தது. ஆயிரம் மீட்டருக்கு மேல் அதே சமயத்தில் காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கிறது. தும்பிகள் அந்த மாடியில் ஏறிப் பயணம் செய்து, கீழே இறங்கி ஓய்வெடுக்கின்றன என்பது ஆண்டர்சனின் முடிவு. 2009-ல் வெப்பமண்டலச் சூழலியல் இதழ் ஒன்றில் இதை வெளியிட்டார்.

அந்தத் தும்பிகளில் மிகப் பெரும்பாலானவை ஒரே இனம். அறிவியல் பெயர் பாண்டாலா ஃப்ளேவசென்ஸ். உடல் நீளம் நாலரை சென்டிமீட்டர். எடை ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. கரமனைப் படித்துறைக்கு மேலே சுற்றுவதும் இதே இனம்தான். மலையாளத்தில் இதன் பெயர் துலாத்தும்பி. துலாம் என்றால் நம்முடைய ஐப்பசி. வடகிழக்குப் பருவமழைக்கு அங்கே துலாவர்ஷம் என்று பெயர். எந்தக் காற்றில் ஏறி அது புறப்படுகிறதோ அந்தக் காற்றின் பெயரையே ஊர் அதற்கு வைத்திருக்கிறது.

ஐப்பசியில் பத்மநாப சுவாமி கோயிலின் ஆறாட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும்போது விமான நிலையத்தின் ஓடுபாதையைக் கடந்து செல்லும். அதற்காகச் சில மணி நேரம் விமானங்கள் நிறுத்தப்படும். தும்பிகளின் வான்போக்குவரத்துக்கு அன்றும் விடுமுறை இல்லை.

இறக்கையில் எழுதிய முகவரி

கடல் தாண்டும் தும்பிகள் கேரளத்தில் பிறந்தவையா? இந்தக் கேள்விக்கு 2012-ல் ஒரு பதில் கிடைத்தது. மழைநீரில் உள்ள ஹைட்ரஜனில் சாதாரண வகையும் கனமான வகையும் கலந்திருக்கும். கலந்திருக்கும் விகிதம் ஊருக்கு ஊர் மாறும். தும்பி எந்தக் குட்டையில் வளர்ந்ததோ அந்தத் தண்ணீரின் விகிதம் அதன் இறக்கையில் பதிந்துவிடுகிறது. முழுப் பூச்சியாக வெளியே வந்த பிறகு அது மாறுவதில்லை. பிறந்த ஊர் முகவரியை இறக்கையில் எழுதிக்கொண்டு பறப்பதைப் போல.

ஆண்டர்சனும் கீத் ஹாப்சன் முதலிய ஆராய்ச்சியாளர்களும் மாலத்தீவில் பிடித்த தும்பிகளின் இறக்கைகளைச் சோதித்தார்கள். முகவரி தென்னிந்தியாவைக் காட்டவில்லை. இந்தியத் துணைக்கண்டத்தின் வடபகுதியைக் காட்டியது. அப்படியானால் ஐப்பசியில் கரமனையில் நாம் பார்ப்பவற்றிலும் பல உள்ளூர்வாசிகளாக இல்லாமல் இருக்கலாம். வடக்கே எங்கோ ஒரு வயலில் தேங்கிய மழைநீரில் பிறந்து, தெற்கே வந்து, ஆற்றங்கரைக் கொசுவைத் தின்று உடம்பைத் தேற்றிக்கொண்டு, கடலை நோக்கிப் போகும் வழிப்போக்கர்கள்.

வழிப்போக்கர்கள் கரமனைக்குப் புதியவர்கள் அல்ல. ஒவ்வொரு நவராத்திரிக்கும் குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மனும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கிலும் யானை மேலுமாகக் கரமனை வழியாகத்தான் திருவனந்தபுரம் நகருக்குள் நுழைகிறார்கள். பூஜை முடிந்ததும் திரும்பிப் போகிறார்கள். தும்பிகள் வருவதும் ஏறத்தாழ அதே நாட்களில்தான்.

ஆனால் போன தும்பி திரும்பி வருவதில்லை. வருவது அதன் சந்ததி. ஆப்பிரிக்காவில் மழை பெய்யும் இடத்தில் அவை முட்டையிடுகின்றன. அங்கே பிறந்தவை மழையைத் தொடர்ந்து தெற்கே போகின்றன. அவற்றின் பிள்ளைகள் வடக்கே திரும்புகின்றன. கடைசியில் ஒரு தலைமுறை, தென்மேற்குப் பருவக்காற்று எழும் சமயத்தில், அதாவது மலையாளிகள் இடவப்பாதி என்று சொல்லும் மழையோடு, அரபிக் கடலைக் கடந்து இந்தியா வருகிறது. யவனர் கலங்களை முசிறித் துறைமுகத்துக்குக் கொண்டுவந்த அதே காற்று. நாலு தலைமுறைகள் சேர்ந்து முடிக்கும் இந்தச் சுற்று 14,000 முதல் 18,000 கிலோமீட்டர் இருக்கும் என்பது ஆண்டர்சனின் மதிப்பீடு. வட அமெரிக்காவிலிருந்து மெக்சிகோவுக்கு வலசை போகும் மொனார்க் வண்ணத்துப்பூச்சிதான் அதுவரை எல்லோரும் வியந்து பேசிய பயணி. இது அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

வழிகாட்டப் பெரியவர்கள் யாரும் கூட இல்லை. பாட்டன் போன வழியைப் பேரன் பார்த்ததில்லை. என்றாலும் மழை எங்கே போகிறதோ அங்கே போவது என்ற ஒரே விதி அவற்றைக் கொண்டுசேர்க்கிறது.

இவ்வளவு தூரத்துக்குத் தெம்பு ஏது? 2021-ல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களை உள்ளடக்கிய குழு ஒன்று கணக்குப் போட்டுப் பார்த்தது. தும்பி தன் உடம்பில் சேர்த்துவைக்கும் கொழுப்பை வைத்து இடைவிடாமல் இறக்கை அடித்தால் சுமார் 90 மணி நேரம்தான் தாங்கும். அது மட்டும் போதாது. சாதகமான காற்று கிடைத்து, இறக்கையை விரித்து மிதந்தால்தான் கரை சேரலாம். பின்னிறக்கையின் அடிப்பாகம் அகலமாக இருப்பது இந்த மிதப்புக்கு உதவுகிறது. காற்று தப்பினால் கடல்தான் கதி.

கடலுக்கு மேலே இன்னொரு ஆபத்தும் உண்டு. வடகிழக்கு ஆசியாவிலிருந்து நாகாலாந்து வழியாகத் தென் ஆப்பிரிக்காவுக்குப் போகும் அமுர் வல்லூறுகள் இதே பருவத்தில் அரபிக் கடலைக் கடக்கின்றன. அந்தச் சிறு பறவைகள் நடுக்கடலில் எதைத் தின்கின்றன? கூடவே பறக்கும் தும்பிகளைத்தான் என்பது ஆராய்ச்சியாளர்கள் பலரின் ஊகம். நிலமே தெரியாத இடத்தில் ஓடும் சாப்பாட்டு வண்டி!

குட்டைக்குள் ஒரு வேட்டைக்காரன்

கல்லெடுக்கும் விளையாட்டுக்கு இப்போது வருவோம். தும்பி ஏன் கல்லைப் பிடிக்கிறது? அதற்கு ஆறு கால்கள் இருந்தாலும் நடப்பதற்கு அவை லாயக்கில்லை. முள் நிறைந்த கால்கள் எல்லாம் முன்பக்கமாக ஒதுங்கியிருக்கும். ஆறையும் சேர்த்து வளைத்தால் ஒரு கூடை. பறக்கும்போதே கொசுவையும் ஈயையும் இந்தக் கூடையில் வாரிக்கொள்ளும். காலில் ஏதாவது தட்டினால் பற்றிக்கொள்வது அதன் பிறவிப் பழக்கம். நாங்கள் பலசாலி என்று கைதட்டிய தும்பி, இரை கிடைத்ததென்று நம்பிய தும்பி.

இயல்பான வேட்டையில் அது ஏமாறுவது அபூர்வம். தலையின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும் கூட்டுக்கண்கள், ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான சிறு கண்கள். நாலு இறக்கைகளையும் தனித்தனியாக இயக்க முடியும். துரத்திய இரையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தும்பிகள் பிடித்துவிடுவதாகச் சோதனைகள் காட்டியுள்ளன. சிங்கத்துக்குக்கூட அந்தக் கொடுப்பினை இல்லை. 2014-ல் 'நேச்சர்' இதழில் வெளியான ஓர் ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: தும்பி இரையின் பின்னால் வெறுமனே ஓடுவதில்லை. இரை அடுத்து எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே கணித்து அங்கே போய் மறிக்கிறது.

இந்த வேட்டை தண்ணீருக்குள்ளேயே ஆரம்பித்துவிடுகிறது. முட்டையிலிருந்து வரும் இளம்பூச்சிக்கு இறக்கை கிடையாது. மூச்சுவிடும் உறுப்பு மலக்குடலுக்குள் இருக்கிறது. அங்கே இழுத்த தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் ராக்கெட் போல முன்னே பாயும். முகத்துக்குக் கீழே மடக்கி வைத்திருக்கும் உதடு, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் நீண்டு இரையைக் கவ்வி வந்துவிடும். அந்த இரையில் முக்கியமான ஐட்டம், கொசுப் புழு.

துலாத்தும்பி முட்டையிடத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் மழையில் புதிதாகத் தேங்கிய ஆழமில்லாத தண்ணீரை. அங்கே மீன் இருக்காது. ஆனால் சீக்கிரம் வற்றிவிடும். ஆகவே வளர்வதில் அவசரம். சில தும்பி இனங்கள் ஒரு வருடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும் வளர்ச்சியை இது 38 முதல் 65 நாட்களில் முடித்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

காரை ஆறென்று நம்பி

கடல் தாண்டத் தெரிந்த இந்தப் பூச்சி நம் தெருவில் தோற்றுப்போகிறது. தண்ணீர்ப் பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியின் அதிர்வு பெரும்பாலும் ஒரே தளத்தில் இருக்கும். பாடப்புத்தகங்கள் இதைத் தளவிளைவு என்கின்றன. நம் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. தும்பிக்குத் தெரியும். அதை வைத்துத்தான் மேலே பறந்தபடியே 'அதோ தண்ணீர்' என்று அது கண்டுகொள்கிறது. பல லட்சம் ஆண்டுகளாக இந்த அடையாளம் பொய்த்ததில்லை. நாம்தான் பொய்யாக்கினோம். வழுவழுப்பான கறுப்பு, சிவப்புக் காரின் பானெட்டும், கண்ணாடியும், மெருகேற்றிய கல்லும், பிளாஸ்டிக் தாளும் அதே மாதிரி ஒளியைத் தெறிக்கின்றன.

ஹங்கேரி நாட்டு விஞ்ஞானி காபோர் ஹோர்வாத்தும் சகாக்களும் கல்லறைத் தோட்டத்தில் பளபளக்கும் கறுப்புக் கல்லறைகளைத் தும்பிகள் மொய்ப்பது ஏன் என்று ஆராய்ந்து இதையே கண்டார்கள். முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்காகத் தரப்படும் இக்நோபல் பரிசில் ஒன்று 2016-ல் அவர்களுக்குக் கிடைத்தது. கல்லறையைப் பற்றியது என்பதால் சிரிப்பு. ஆனால் துலாத்தும்பி கார்களின் மேல் முட்டையிடுவது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. வெயிலில் காய்ந்த தகரத்தில் அந்த முட்டைகள் வெந்துபோகும்.

கரமனை – களியக்காவிளை சாலையில் சிக்னலுக்கு நிற்கும் கார் வரிசையில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். மழை விட்ட வெயிலில் ஒரு பெண் தும்பி பானெட்டின் மேல் வாலைத் தட்டித் தட்டி எழும். சில நூறு மீட்டர் தள்ளி நிஜமான ஆறு ஓடிக்கொண்டிருக்கும்.

காரை யாரும் விற்றுவிடப் போவதில்லை. கேள்வி, ஏமாறாத தும்பிக்கு இறங்க இடம் இருக்கிறதா என்பதுதான். கேரளத்தில் 1970-களில் எட்டு லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த நெல்சாகுபடி இப்போது இரண்டு லட்சம் அளவுக்குச் சுருங்கிவிட்டது. வயல்களையும் நீர்நிலங்களையும் மூடக்கூடாதென்று 2008-ல் சட்டம் வந்தது. அதற்குள் பல இடங்களில் மண் லாரிகள் வேலையை முடித்திருந்தன.

தண்ணீர் தேங்கினால் கொசு வருமே, மூடுவது நல்லதுதானே என்று கேட்கலாம். இங்கேதான் நாள் கணக்கைப் பார்க்க வேண்டும். டெங்கு பரப்பும் கொசு முட்டையிலிருந்து வெளியே பறக்க ஏறத்தாழ ஒரு வாரம், பத்து நாள் போதும். தும்பிக்கு ஐந்து வாரத்துக்கு மேல் வேண்டும். தேங்காய்த் தொட்டியிலும், பழைய டயரிலும், மொட்டை மாடியிலும் தேங்கும் தண்ணீர் கொசுவுக்கு மட்டுமே பிள்ளைப்பேறு பார்க்கும். அவற்றைக் கவிழ்த்துக் கொட்டச் சொல்லும் சுகாதாரப் பணியாளர்கள் சொல்வது சரி. வயலும் குளமும் அப்படியல்ல. அங்கே கொசுவும் உண்டு, கொசுவைத் தின்பவனும் உண்டு. வயலை மூடிவிட்டு டயரை விட்டுவைத்தால் எதிரியை வைத்துக்கொண்டு காவல்காரனை அனுப்பிவிட்டதாக ஆகும். நம் நகரங்கள் பலவற்றில் நடந்திருப்பது இதுதான். காவல்காரன் இங்கே மட்டும் வேலை பார்ப்பவனும் அல்ல. இங்கே வயல்கள் மூடப்பட்டால் மாலத்தீவிலும் ஆப்பிரிக்காவிலும்கூடத் தும்பி குறையலாம்.

கரமனைத் தெருவில் பிள்ளைகள் இன்று தும்பி பிடிப்பதில்லை. கையில் செல்போன் இருக்கிறது. கல் சுமக்கும் தொல்லை தும்பிக்கு அந்த வகையில் தீர்ந்தது. சொலவடை மட்டும் வழக்கில் இருக்கிறது. அதைத் தமிழில் எழுத நேரும்போதெல்லாம் 'குருவி தலையில் பனங்காய்' என்று போட்டுவிடுவது என் பழக்கமாக இருந்தது. பொருள் பொருந்தும், வாசகருக்கும் உடனே புரியும். இப்போது அப்படி எழுதக் கை வருவதில்லை. தும்பியைத் தும்பியாகவே விட்டுவிடுகிறேன். எங்கேயோ போக வேண்டிய ஜீவன் என்று மாமி சொன்னது எவ்வளவு நிஜம் என்று தெரிந்துவிட்ட பிறகு, அதைக் குருவியாக்க மனம் ஒப்பவில்லை.

அடுத்த ஐப்பசியில் உங்கள் ஊரிலும் மழை விட்ட மாலை நேரத்தில் தலையைத் தூக்கிப் பாருங்கள். உட்காராமல் மிதந்துகொண்டிருக்கும் மஞ்சள் தும்பி ஒன்று கண்ணில் படலாம். அதற்கு முன்னால் 3,500 கிலோமீட்டர் பாக்கி இருக்கிறது.